நான் அடைத்த இரண்டு ஓட்டைகள்

அந்த வியாழக்கிழமை, தோட்டத்துக் குடிலுக்குள் முழங்காலில் இருந்து என்னுடைய பழைய நைலெக்ஸ் சேலை ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன். ஊதாப் பூப் போட்ட சேலை. யாரோ ஒரு பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு என்று டோர்ட்மண்டுக்கு வந்த புதிதில் வாங்கியது.

குடிலின் சுவரில் நிலத்தோடு ஒரு ஓட்டை இருந்தது. எதிர்ச் சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே இன்னொன்று. இரண்டும் ஒரு சவர்க்காரப் பெட்டி அளவு. இரண்டுக்கும் வெளியே தகரச் சல்லடை. அதற்குள்ளால் குளிர்காற்று விசில் அடித்துக்கொண்டு வந்தது. எலியும் வந்தது. விதைக்கென்று காயவைத்த பயிற்றங்காய்களை ஒரே கிழமையில் உமியாக்கிவிட்டிருந்தது.

சேலைத் துண்டுகளைச் சுருட்டி, மண் கிளறும் சிறு கரண்டியின் பிடியால் இடித்து இடித்துச் செருகினேன். மேலே பெட்டி ஒட்டும் மண்ணிற நாடாவை மூன்று வரியாக ஒட்டினேன். கையை வைத்துப் பார்த்தேன். துளிக் காற்று இல்லை. எனக்குச் சரியான பெருமை.

இதைச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. செய்தேன் என்று நானும் யாருக்கும் சொல்லவில்லை. சின்ன வேலை, இதையெல்லாம் போய்ச் சொல்லுகிறதா என்று நினைத்திருப்பேன்.

போன கிழமை இந்தத் தோட்டம் கிடைத்த கதையை எழுதியதும், பாகற்கொடி அந்தக் குளிரில் எப்படி வந்தது, வெண்டி காய்த்ததா என்று சிலர் தொலைபேசியில் கேட்டார்கள். கேளுங்கள், சந்தோஷம். ஆனால் இந்தக் கிழமை எழுதுவது அந்த மாதிரிக் கதை இல்லை. இரண்டு ஓட்டைகளை அடைத்ததை நாலு வருஷம் வாய் திறக்காமல் வைத்திருந்தேன். அந்த நாலு வருஷமும் இன்னொரு மனிசர் அந்தப் பாவத்தைத் தன்னுடையது என்று சுமந்து திரிந்தார். அந்த மனிசர் என்னுடைய புருஷன்.

தண்ணீர் பூட்டுகிற நாள்

அறியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். ஜெர்மனியில் நகரத்து ஓரங்களில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், சின்னச் சின்னத் தோட்டங்களாகப் பிரித்துக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடில் இருக்கும். அதில் குடியிருக்க ஏலாது. வேலி எவ்வளவு உயரம், புல்லு வெட்டும் மெஷினை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் சங்கத்தில் சட்டம் உண்டு. சட்டம் இல்லாதது மழைக்கு மட்டும்தான்.

இலையுதிர் காலம் முடிகிற நேரம் சங்கம் ஒரு நாள் குறித்துத் தண்ணீரைப் பூட்டிவிடும். அதற்குள் குழாயில் நிற்கிற தண்ணீரை எல்லாம் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் உறைந்து குழாய் வெடிக்கும். மழைப் பீப்பாயைக் கவிழ்க்க வேண்டும், டாலியாக் கிழங்குகளைக் கிண்டி எடுத்து மண் உதிர்த்து வைக்க வேண்டும், பாத்தியைக் கொத்திப் புரட்டிக் கட்டி கட்டியாக விடவேண்டும். மிச்சத்தைப் பனி உடைக்கும். ஆப்பிள் மரத்தின் அடிக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் அந்த நாட்களில் தோட்டத்தில் நின்றால் மனசு ஒடுங்கிவிடும். நாலரை மணிக்கே இருட்டு. காய்ந்த பயிற்றங்கொடியைக் கம்பியிலிருந்து பிடுங்கும்போது வருகிற அந்த ஈரப் புளிச்ச மணம் எனக்கு இன்றைக்கும் ஆகாது.

பத்தி அண்ணை

தோட்டம் எங்கள் பெயரில் இருந்தாலும் அதில் பாதி உழைப்பு பத்திநாதன் அண்ணையுடையது. என் புருஷனான இவரும் அவரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கி, ஒரே அகதி விடுதியில், ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவர்கள். இரண்டு பேரும் மன்னார்ப் பக்கம். பத்தி அண்ணை கலியாணம் கட்டவில்லை. பாண் சுடுகிற பேக்டரியில் இரவு வேலை, பகலில் தோட்டம். எப்போது நித்திரை கொள்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், “செத்தாப் பிறகு நித்திரைதானே தங்கச்சி, இப்ப என்ன அவசரம்” என்பார்.

கார்த்திகை மாதக் குளிரில் நின்று தபசு காலத்துப் புலம்பலைப் பாடிக்கொண்டு கொத்துவார். குரல் நல்லது, காலம்தான் பிழை. இயேசுவை நாலு மாதம் முந்தியே சிலுவையில் அறையாதேங்கோ அண்ணை என்று நான் ஏசுவேன். சிரித்துவிட்டு அடுத்த அடி பாடுவார்.

அவருக்கு ஊரில் ஒரு தங்கச்சி, றோசலின். வேறு யாரும் இல்லை. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பாதை திறந்திருந்தது, கடிதமும் போனது. அடுத்த ஆடி, மடு மாதா திருவிழாவுக்குப் போய்த் தங்கச்சியைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாகப் பார்க்கவில்லை.

குடிலில் எங்களுக்கு ஒரு சொத்து இருந்தது. பானையில் வளர்த்த நாலு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு முருங்கையும். முந்தின வருஷ மாரிக் குளிரில் அவற்றை வீட்டுக்குள் வைத்தோம். ஹீட்டர் சூட்டில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. அதனால் அந்த வருஷம் குடிலுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறது என்று மூன்று பேருமாக முடிவு எடுத்தோம். அதற்குத்தான் நான் ஓட்டையை அடைத்தேன்.

தணல்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற அறையில் கட்டிலுக்குக் கீழே தணல் சட்டி வைப்பார்கள். மகள் பிறந்தபோது எனக்கும் வைத்தார்கள். புகைதான் கூடாது, தணல் நல்லது, உடம்புக்குச் சூடு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த அறை எப்படிப்பட்ட அறை? கிடுகுக் கூரை, அரைச் சுவர், கதவுக்குக் கீழே கோழி போய்வரலாம். காற்று கேட்டுக்கொண்டா வரும்? அந்தத் தணலை இந்த நாட்டுக் குடிலுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை முதல் உறைபனி விழும் என்று வானொலி சொன்னது. கன்றுகளுக்குச் சூடு காட்டவேணும் என்று காலையில் இவர் சொன்னார். கோடையில் இறைச்சி சுட வாங்கின கரி மிச்சம் இருந்தது. புகை எல்லாம் போன பிறகு உள்ளே எடுங்கோ என்று சொல்லி அனுப்பியது நான்தான். புத்தி சொன்னேனாம்!

எனக்கு அன்று முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலை. பிறகு நடந்ததை வேலிக்கு அப்பால் நின்ற ஹெர் கோவால்ஸ்கி சொல்லித்தான் அறிந்தேன். கோவால்ஸ்கி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், புறா வளர்ப்பவர். இவரும் பத்தி அண்ணையும் பழைய இரும்பு வாளியில் கரியை வெளியே வைத்துத்தான் மூட்டினார்களாம். அரை மணித்தியாலம் விசிறி, புகை போய்ச் சிவந்து வரும்வரை பொறுத்தார்களாம். இறைச்சி சுடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டு அவர் புறாக்களுக்குத் தீன் போடப் போய்விட்டார். பிறகு மழை பிடித்தது. இவர்கள் வாளியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவுக்குக் கொளுக்கி போட்டிருக்கிறார்கள். கொளுக்கி போடாவிட்டால் காற்றுக்கு அந்தக் கதவு நிற்காது.

கவனமாகத்தான் செய்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

ஜன்னலுக்கு வெளியே

கார்த்திகை, இறந்த ஆத்துமாக்களின் மாதம். அன்று ஆறு மணிக்கு ஒரு வீட்டில் செபமாலை. ஐந்தாகியும் இவர்களைக் காணவில்லை. கைத்தொலைபேசிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கால் தானாக நடக்கும். ட்ராம் பிடித்து, குடை பிடித்து, சேற்றுக்குள்ளால் போனேன்.

குடிலுக்குள் பற்றரி விளக்கு எரிந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. கையால் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். நடுவில் சீட்டு விளையாடுகிற கடதாசிக் கட்டு பாதி பிரித்தபடி கிடந்தது. பியர் குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நான் ஏசத் தொடங்கினேன். வெளியே மழையில் நின்று, ஜன்னலுக்கு இப்பால் நின்று ஏசினேன். “செத்த ஆக்களுக்குச் செபமாலை சொல்லப் போற நேரத்திலை இது என்ன படுக்கை?” என்று கேட்டேன். கலியாணம் கட்டாதவரோடு சேர்ந்து கட்டினவரும் கெட்டுப்போனார் என்றேன். இரண்டு நிமிஷம் இருக்கும். மூன்றாகவும் இருக்கலாம். அந்த நிமிஷங்களை நான் இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன்.

என் சத்தத்துக்குக் கோவால்ஸ்கி வந்தார். உள்ளே ஒருமுறை பார்த்தார், வாளியைக் கண்டார். மண்வெட்டியால் கண்ணாடியை அடித்து உடைத்து, கைவிட்டுக் கொளுக்கியைக் கழற்றினார். உள்ளே ஓடப்போன என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளி விழுத்தினார். “காஸ், காஸ்” என்று கத்தினார். மூடின இடத்தில் தணல் கக்குகிற, மணமில்லாத நச்சுக்காற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் ஒருவரை இழுத்து வந்தார். திரும்பப் போய் மற்றவரை இழுத்து வந்தார். எழுபது வயது மனிசன்.

இவருக்கு மூச்சு இருந்தது. பத்தி அண்ணைக்கு இல்லை.

அம்புலன்ஸ் வந்து இவரை ஏற்றிய பிறகு, கோவால்ஸ்கி டோர்ச் லைட்டோடு திரும்பவும் குடிலுக்குள் போனார். வெளியே வந்து, அந்த ஓட்டைகளை யார் அடைத்தது என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஜெர்மன் விளங்காத மாதிரி நின்றேன். பன்னிரண்டு வருஷமாக அந்த இல்லத்துக் கிழவர்களோடு உப்புக் குறைவு, உப்புக் கூட என்று ஜெர்மனில் சண்டை பிடிக்கிறவள் நான்.

ஒரு சொல்

திங்கட்கிழமை பொலிசில் விசாரித்தார்கள். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை வந்திருந்தாள். தங்கமான பிள்ளை. காற்றுத் துவாரங்களை அடைத்தது யார் என்று அதிகாரி கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்து இரங்கி, மெதுவாகக் கேட்டாள்.

“உங்கட அவர்தான் அடைச்சிருப்பார் என்ன, அக்கா?”

“இருக்கும்” என்றேன்.

அவ்வளவுதான். அவர் எழுதிக்கொண்டார். விபத்து என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

எங்கள் குடியுரிமை அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், அப்போது கந்தோரில் கிடந்தது. வரச்சொல்லி நாள் குறித்து டேர்மினும் தந்திருந்தார்கள். என் பெயரில் ஒரு வழக்கு வந்தால் எல்லாம் பாழ் என்று பயந்தேன். நாலு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இது. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது சாட்டு. அடுத்த கோடையிலேயே பாஸ்போட் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் வாய் திறக்கவில்லையே.

இவர் மூன்றாம் நாள் கண் விழித்தார். அந்தக் கிழமை முழுவதும் அவர் தலையிலிருந்து துடைத்து எடுத்தமாதிரிப் போய்விட்டது. கரி மூட்டியது, மழை, கடதாசி விளையாட்டு, ஒன்றும் ஞாபகம் இல்லை. முதலில் பத்தியைக் கேட்டார். மகள் கார்ல்ஸ்ரூஹேயில் படித்துக்கொண்டிருந்தவள், ரயில் பிடித்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, அழுதுகொண்டு, “ஏன் அப்பா அதை அடைச்சனீங்கள்?” என்று கேட்டாள்.

இவர் “தெரியேல்லைப் பிள்ளை” என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில் போர்வையை மடித்துக்கொண்டு நின்றேன்.

கடிதம்

தை மாதம், றோசலினுக்குத் தானே எழுதவேணும் என்றார். நஞ்சு ஏறியதில் கை நடுங்கியது, எழுத்து வரவில்லை. நீர் எழுதும், நான் சொல்லுறன் என்றார்.

எழுதினேன். அன்புள்ள தங்கச்சி றோசலின் அறிவது. உம்முடைய அண்ணன் என்னுடைய பிழையால்தான் இறந்தார். காற்று வருகிற வழியை நான்தான் அடைத்தேன். இப்படி அவர் சொல்லச் சொல்ல, என் கையெழுத்தில் எழுதினேன். கீழே அவர் நடுங்கிக்கொண்டு தன் பெயரை வைத்தார். முத்திரை ஒட்டித் தபாலில் போட்டதும் நான்தான். இதைவிடக் கேடுகெட்ட வேலை என் ஆயுளில் நான் செய்ததில்லை.

பங்குனியில் பதில் வந்தது. “அண்ணா, நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை. நீங்களாவது தப்பினீங்களே எண்டு மாதாவுக்கு நன்றி சொன்னனான். இனி அழாதேங்கோ” என்று றோசலின் எழுதியிருந்தாள். இவர் அதை மடித்து, பணப்பையில் மாதா படத்தோடு வைத்துக்கொண்டார்.

பட்டம்

அந்த வருஷ ஐப்பசியிலிருந்து இவருக்கு ஒரு வேலை வந்துவிட்டது. தமிழ் ஆட்களின் தோட்டம் தோட்டமாகப் போவார். வீடுகளுக்கும் போவார். தமிழ்ப் பாடசாலையில், பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில், யார் வாய் பார்த்துக்கொண்டு நின்றாலும் பிடித்து வைத்துச் சொல்லுவார். நான் ஒரு மடையன், ஓட்டையை அடைச்சுப்போட்டுத் தணலை வைச்சு, என்ரை சிநேகிதனைக் கொன்றுபோட்டன், நீங்கள் செய்யாதேங்கோ. கையில் ஒரு கம்பி வைத்திருப்பார். துவாரங்களில் அடைந்திருக்கிற இலையை, சிலந்தி வலையை அதனால் குத்தி எடுத்துவிடுவார்.

எங்கள் சனத்துக்குப் பட்டம் வைக்கச் சொல்லித் தரவா வேணும்? ‘ஓட்டை அந்தோனி’ என்று வைத்துவிட்டார்கள். கடையில் ஒருவன் என் காது கேட்கச் சொன்னான். அவனைப் பிடித்து நல்லாகக் கொடுத்தேன். வாயால்தான். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அவனை ஏச எனக்கு என்ன தகுதி?

நான் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் மடையன் என்று தன்னைச் சொல்லுகிற இடம் வந்தால் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.

சுண்ணாம்பு

நாலாவது வருஷம். ஊரில் திரும்பவும் சண்டை. மன்னார்ப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வன்னிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. றோசலினின் கிராமத்துப் பெயரையும் வானொலியில் சொன்னார்கள்.

எங்களுக்கு மூன்று தோட்டம் தள்ளி ஒரு புதுக் குடும்பம் குத்தகை எடுத்திருந்தது. சுமதியும் அவள் புருஷனும். அந்தச் சனிக்கிழமை புருஷனுக்கு வேலை. அவளோ ஏழு மாதக் கர்ப்பிணி. இவர் அவர்களுடைய குடில் துவாரங்களைக் கம்பியால் துப்பரவு செய்து, தன் கதையைச் சொல்லி முடித்து, ஆப்பிள் மரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினார். நான் பீப்பாயைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

சுமதி நல்ல மனதோடுதான் சொன்னாள். “அக்கா, நீங்கள் பெரிய மனுசி. நானெண்டால் இப்படி ஒரு பிழை விட்ட ஆளோடை இருந்திருக்க மாட்டன்.”

இவர் தலையைக் குனிந்துகொண்டு பிரஷை வாளியில் தோய்த்தார். அந்தக் குனிவைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது.

“அடைச்சது இவர் இல்லை” என்றேன். “நான். வியாழக்கிழமை. என்ரை சீலையாலை.”

சுமதி என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடிலுக்குள் போய்விட்டாள்.

இவர் அந்த மரத்தை அடித்து முடித்தார். ஒரு பக்கம் விடாமல், கீழிருந்து மேலே, சுற்றிவர. பிரஷைக் கழுவினார். பிறகுதான் என்னிடம் திரும்பினார்.

“கடிதம் எழுதேக்கையும் உமக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“நாலு வருசம், கிளாறா. நான் அவனைக் கொன்றனான் எண்டு படுத்து, அவனைக் கொன்றனான் எண்டு எழும்பினனான்.”

காலில் விழலாம் என்று நினைத்தேன், விழவில்லை. விழுந்திருந்தால் அதுவும் ஒரு நடிப்பாக இருந்திருக்கும்.

அன்றே றோசலினுக்கு எழுதினேன், என் பெயரில். அனுப்புகிற இடத்தில் அந்தப் பக்கத்துக்குத் தபால் போகாது என்றார்கள். யார் யாரையோ பிடித்து, வவுனியா வரைக்கும் போகிற ஒரு பாதிரியார் கையில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு வன்னியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கடிதம் அவள் கைக்குப் போனதா, வாசிக்க அவள் இருந்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மண்டபம்

இரண்டு கிழமை இவர் என்னோடு கதைக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், வேலைக்குப் போனார். மூன்றாம் கிழமை கோயில் மண்டபத்தில் இறந்தவர்களுக்கான பூசை முடிந்து, வழமைபோல இவரைக் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பின்னால் யாரோ பட்டத்தைச் சொல்லிச் சிரித்ததும் கேட்டது.

இவர் எழுந்து முன்னுக்குப் போனார். கையில் கம்பி இல்லை.

“இனி இந்தக் கதையை இவ சொல்லுவா” என்றார். வந்து தன் கதிரையில் இருந்துவிட்டார்.

எழும்பிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சேலை, நாடா, ஜன்னலுக்கு வெளியே நின்று ஏசியது, இருக்கும் என்று சொன்னது, கடிதம். கதையில் ஓட்டையை அடைத்த இடத்துக்கு நான் வந்தபோதே இவர் எழும்பி வெளியே போய்விட்டார். முடித்ததும் ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள். மற்றவர்கள் தேத்தண்ணி எடுக்கப் போனார்கள்.

வெளியே வந்தேன். நல்ல குளிர். இவர் வாசலில், என்னுடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முன்பென்றால் பின்னால் வந்து, கை நுழைக்கப் பிடித்து, காலரைத் தூக்கிவிட்டுத்தான் போட்டுவிடுவார்.

நீட்டினார். வாங்கி நானே போட்டுக்கொண்டேன்.